ஒரு தட்டு அதிகம்

ட்வைலா அந்த பாஞ்சோ முகாமுக்குப் போனதே ஆர்லிஸுக்காகத்தான். இதை இப்போது யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். அவளுக்கே சில நாள் நம்பிக்கை வருவதில்லை.

ஆர்லிஸ் மர அறுவை ஆலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர், பிடில்காரர். ட்வைலா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். மில் க்ரீக் ஊரின் தீயணைப்பு நிலையக் கூடத்தில் வியாழக்கிழமைதோறும் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். அந்த வட்டத்தில் பிடில் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம், தந்தியை விரலால் மீட்டி வாசிக்கிற பாஞ்சோ ஒன்றுதான். இரண்டாவது பாஞ்சோ வந்தால் சுவரோரம் உட்கார்ந்து முறைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அந்த ஒற்றை நாற்காலி பத்தொன்பது வருஷமாக ட்வைலாவுடையது. இருந்தும் அவளுக்கு ஒரு குறை. ஆர்லிஸின் வில் இறக்கை கட்டிப் பறக்கிறது, தன் கை பின்னால் மூட்டை தூக்கிக்கொண்டு ஓடுகிறது என்று நினைப்பாள். யாரும் அப்படிச் சொன்னதில்லை. வேண்டாத குறையை வேலை மெனக்கெட்டுத் தானே கண்டுபிடித்துக்கொள்கிற ரகம் அவள்.

பள்ளி விடுமுறையில், ஜூலை மாதம், பக்கத்து மாநிலத்து ஏரிக்கரையில் ஒரு வார முகாம் என்று கேள்விப்பட்டுப் பெயர் கொடுத்தாள். ஆர்லிஸ் கேட்டுவிட்டு, "நாப்பது பாஞ்சோ ஒரே எடத்துலயா? அந்தப் பக்கத்து மானெல்லாம் இந்நேரம் மூட்டையக் கட்டியிருக்கும்" என்றார். ஆனால் கிளம்புகிற அன்று காலையில் அவர்தான் வந்து அவள் பாஞ்சோவுக்குப் புதுத் தந்தி மாட்டிக் கொடுத்தார்.

முகாமில் எல்லாரும் படித்தவர்கள். பல் டாக்டர், வக்கீல், கணக்கு வாத்தியார். ஆயிரக்கணக்கான டாலர் விலை பெறும் பாஞ்சோக்களை வைத்துக்கொண்டு, விரல் எங்கே விழ வேண்டும் என்று தாளில் எழுதிவைத்து வாசித்தார்கள். காலை வகுப்பு ரோவீனா என்ற ஆசிரியையிடம். நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டாள், தலையை ஒருபுறம் சாய்த்துக் கேட்பாள். ட்வைலாவின் கை சரியாகத்தான் இருக்கிறது என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அதை மரியாதைப் பேச்சு என்று இவள் எடுத்துக்கொண்டாள். தாளக் கருவியின் டிக் டிக்கை வைத்துக்கொண்டு நான்கு நாள் வெறிபிடித்தமாதிரி சாதகம் செய்தாள்.

புதன்கிழமை மதியம் மரத்தடியில் வட்டம் போட்டார்கள். ஆளுக்கொரு மெட்டைத் தொடங்க வேண்டும். ட்வைலாவின் முறை வந்ததும் 'ஓசியின் வேலி'யை எடுத்தாள். ஆர்லிஸின் பெரியப்பா வழியில் வந்த மெட்டு. மில் க்ரீக்கைத் தாண்டி யாரும் கேட்டிருக்க முடியாது. முதல் பாகம் நன்றாகப் போயிற்று. இரண்டாம் பாகத்தின் முடிவில் கூட்டம் மொத்தமும் தடுக்கி விழுந்தது. மறுபடியும் தொடங்கினாள். மறுபடியும் அதே இடத்தில் விழுந்தார்கள்.

பல் டாக்டர் பாஞ்சோவை மடியில் இறக்கிவிட்டு, "அந்த எடத்துல தாளம் ஒரு தட்டு அதிகமா வருது போலிருக்கே?" என்று பணிவாகத்தான் கேட்டார். யாரோ லேசாகச் சிரித்தார்கள். ட்வைலாவுக்கு முகமெல்லாம் சூடேறிவிட்டது. வாய் தானாகத் திறந்தது.

"எங்க ஊரு பிடில்காரரு வாசிக்கிறது அப்படி. அவருக்கு எண்ணத் தெரியாது."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். பத்தொன்பது வருஷப் பழக்கத்தை ஒரு சிரிப்புக்கு விற்றோம் என்று அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கவில்லை. பெரிய மனிதர்களோடு சேர்ந்துவிட்ட நிம்மதிதான் இருந்தது.

மறுநாள் ரோவீனா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, நேற்று வாசித்ததை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். ட்வைலா அதற்குள் அந்த அதிகப்படித் தட்டை வெட்டி எறிந்து மெட்டை நேராக்கியிருந்தாள். பிசிறில்லாமல் வாசித்து முடித்து நிமிர்ந்து பார்த்தாள்.

"நேத்து இப்படி இல்லையே" என்றாள் ரோவீனா.

திருத்திவிட்டதாக ட்வைலா பெருமையோடு சொன்னாள். ரோவீனா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்து, நாற்பது பேரும் வழியை அடைத்துக்கொண்டு எழுந்தார்கள். ரோவீனா பிடில்காரர் பெயரையும் ஊரையும் மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

ஊருக்குத் திரும்பிய முதல் வியாழக்கிழமையே ட்வைலா அதைச் செய்தாள். ஆர்லிஸ் 'ஓசியின் வேலி'யைத் தொடங்கினார். இவள் நேராக வாசித்தாள். பாகம் முடிகிற இடத்தில் பாஞ்சோ முன்னால் போய்விட்டது, பிடில் தனியாக நின்றது. தன் தப்பு என்று நினைத்து அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தார். மூன்றாவது முறையும் அப்படியே ஆனதும், ஏழு பேர் காதுபட அவள் சொன்னாள்: "அங்க ஒரு தட்டு அதிகம் ஆர்லிஸ். எட்டுதான் வரணும். எண்ணிப் பாருங்க."

 அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"அட, ஆமா. அம்பது வருஷமா ஒருத்தரும் சொல்லலியே" என்று சிரித்தார்.

கோபப்பட்டிருந்தால் தேவலை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் இவளும் பதிலுக்குத் திட்டி, அடுத்த வாரம் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகியிருக்கும். அவர் நம்பிவிட்டார். படித்துவிட்டு வந்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டிவிட்டு, அன்று சீக்கிரமே பிடிலைப் பெட்டியில் வைத்தார்.

அதன் பிறகு அவர் வாசிக்கும்போது உதடு அசைய ஆரம்பித்தது. முன்பெல்லாம் மெட்டுக்கு யாராவது எழுந்து ஆடினால், வில்லை ஓட்டிக்கொண்டே அவர்கள் செருப்பைப் பற்றி ஏதாவது கிண்டல் செய்வார். இப்போது ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு நாள் பேருந்துக் கொட்டகைக்கே தேடி வந்து, அந்தப் பாகம் திரும்பி வரும்போதும் எட்டேதானா என்று சந்தேகம் கேட்டுப் போனார். அறுபத்தெட்டு வயது மனிதர். செப்டம்பர் முடிவதற்குள் மெட்டு நூல் பிடித்தமாதிரி நேராகிவிட்டது. ட்வைலா பாராட்டினாள். அவருக்கு அது சந்தோஷமாக இருந்தது.

அவளுக்குத்தான் என்னவோ போல் இருந்தது. வாசிக்கும்போது கைக்கு வேலை இருந்தது, கண்ணுக்கு வேலை இல்லை. முன்பு அவள் அவருடைய முழங்கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த இடம் வரும்போது முழங்கை கொஞ்சம் மேலே எழும். மெட்டு அந்தரத்தில் நிற்கும். முழங்கை எப்போது இறங்குகிறதோ அப்போது இவளும் இறங்குவாள். ஒரு நாள் அதிக நேரம் நிற்கும், ஒரு நாள் நின்றும் நிற்காமலும் போகும். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் தவறவிட்டதில்லை. அது ஒரு வித்தை என்று அவளுக்குத் தெரியாது. அதைத்தான் மூட்டை தூக்கிக்கொண்டு ஓடுவதாக நினைத்திருந்தாள். கையில் இருந்ததைத் தேடி ஐந்து மணி நேரம் வண்டியோட்டிக்கொண்டு போயிருக்கிறாள், வேறென்ன சொல்ல.

அக்டோபரில் ரோவீனாவிடமிருந்து கடிதம் வந்தது. ஆர்லிஸ் வாசிப்பதைக் கேட்க வருகிறேன், அனுமதித்தால் பதிவு செய்துகொள்கிறேன் என்று எழுதியிருந்தாள். ட்வைலா அதை வட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டினாள். ரோவீனா வருவதாகச் சொன்ன வியாழக்கிழமை ஆர்லிஸ் சர்ச்சுக்குப் போடுகிற சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தார். அவர் மனைவி ஒரு பெரிய சட்டி நிறைய பீன்ஸும் சோள ரொட்டியும் கொடுத்தனுப்பியிருந்தாள்.

ரோவீனா வந்து இறங்கியதும் ட்வைலா வாசலுக்குப் போய் அழைத்தாள். பதிவுக் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டே ரோவீனா சொன்னாள்: "அன்னைக்கு மரத்தடியில நீங்க வாசிச்சப்ப அந்த ஒரு எடத்துல எல்லாரும் விழுந்தாங்க பாருங்க, அதுதான் என் காதுலயே நிக்குது. எத்தனையோ பேர் வாசிச்சுக் கேட்டிருக்கேன், அப்படி ஒண்ணு கேட்டதில்ல. அதுக்காகவே வந்தேன்."

 ட்வைலா ஏதாவது சொல்வதற்குள் உள்ளே வந்துவிட்டார்கள். ஆர்லிஸ் எழுந்து கை கொடுத்தார், காத்திருக்கப் பொறுக்காமல் வில்லை எடுத்தார், தொடங்கிவிட்டார்.

ஒரு தப்பு இல்லை. உதடு அசைந்தபடி, எட்டு எட்டாக, மூன்று சுற்றும் வாசித்தார். அந்த இடம் வரும்போதெல்லாம் ட்வைலாவைப் பார்த்துக்கொண்டார். சரியாக வந்துவிட்டது, உன் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்கிற பார்வை. அவள் வாசித்தாள், எப்படி வாசித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

ரோவீனா, "நல்ல மெட்டு" என்று சொல்லிக் கருவியை நிறுத்தினாள்.

"ஆர்லிஸ்" என்றாள் ட்வைலா. "பழைய மாதிரி வாசிங்க."

"எது பழைய மாதிரி?"

"அந்த ஒரு தட்டு அதிகமா வருமே. அப்படி."

அவர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திக் குரலைத் தாழ்த்தினார். "வந்தவங்க முன்னால ஏம்மா அத எடுக்கிற? தப்புன்னு நீதான சொன்ன. திருத்திக்கிட்டேன்ல."

ரோவீனாதான் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். அது தப்பில்லை, அதற்காகத்தான் வந்தேன் என்றாள். ஆர்லிஸ் வியப்போடு கேட்டுக்கொண்டார். கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லிப் பழகாதவர், உடனே வில்லை எடுத்தார். அந்த இடம் வந்ததும் உதடு ஒன்பது வரை எண்ணியது. ஒன்பதாவது தட்டு நல்ல துணியில் ஒட்டுப்போட்டமாதிரி தெரிந்தது. நிறுத்தினார். கொஞ்சம் நீட்டிப் பார்த்தார், கொஞ்சம் குறைத்துப் பார்த்தார். நாலைந்து முறை ஆனது. 

"வரலைங்க" என்றார் ரோவீனாவிடம். "முன்னாடி அங்க நிக்கிறேன்னே எனக்குத் தெரியாது. இப்ப தெரிஞ்சுக்கிட்டுப் பண்ண வரல. அவ்வளவு தூரம் வந்துட்டீங்க, மன்னிச்சுக்கணும்."

அதற்கு மேல் ட்வைலாவால் தாங்க முடியவில்லை. பாஞ்சோவைத் தரையில் வைத்தாள்.

"தப்பு உங்க மேல இல்ல, என் மேல. அந்த முகாம்ல எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு வெக்கமா போச்சு. எங்க பிடில்காரருக்கு எண்ணத் தெரியாதுன்னு சொன்னேன் ஆர்லிஸ். சொல்லிட்டு நானும் சிரிச்சேன்."

அவர் வில்லின் மயிரைத் தளர்த்தினார். முகத்தில் வருத்தம் இருந்ததா என்றுகூட அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"சரியாத்தான சொல்லியிருக்க" என்றார். "அப்ப எனக்கு எண்ணத் தெரியாதுல்ல."

பிறகு ரோவீனாவைப் பார்த்து, பீன்ஸ் ஆறிப்போவதற்குள் சாப்பிட்டுவிடலாம் என்று கூப்பிட்டார்.