என் கொசுக்கள் அப்படிப்பட்டவை அல்ல

என் கையைத் தொடுகிறவர்கள் யாரென்று கேட்டால், கொசுக்கள்தான். ஆராய்ச்சிக்கூடத்தில் கொசு வளர்ப்பது என் வேலை. அங்கேயே முட்டையிலிருந்து பொரிந்து, எந்த நோயாளியையும் கடிக்காமல் வளர்ந்த சுத்தமான கொசுக்கள். வலைக்கூண்டுக்குள் கையை முழங்கைவரை விட்டு அசையாமல் உட்கார்ந்தால் பெண் கொசுக்கள் வந்து குடிக்கும். ஆண்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர் போதும். "கல்யாணம் பண்ணியிருந்தா ஒருத்தன்தான் ரத்தத்தைக் குடிச்சிருப்பான்" என்று கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வருவேன். வீட்டில் சேர்ந்து சிரிக்க ஆள் கிடையாது.

அதனால்தான் நேற்றுக் காலை அக்கா பெட்டியோடு வாசலில் வந்து நின்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. மகன் வீட்டோடு போனபிறகு போனில்கூடக் கூப்பிடாமல் என்னை மறந்திருந்தவள்.

"உன்னப் பாக்கணும்னு தோணுச்சுடி. கொஞ்ச நாள் இருக்கப்போறேன்" என்றாள். என்னைத் தேடியும் ஒரு ஆள் வருமா!

மாலையில் அவளுக்கு உடம்பு கொதித்தது. இன்று ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று சொல்லிவிட்டார்கள். அவளைக் கடிக்கிற கொசு பிறகு வேறு யாருக்காவது கொண்டுபோய்க் கொடுக்கும் என்பதால், பட்டப்பகலிலேயே வலை கட்டிப் படுக்க வைத்தேன்.

"எல்லாம் உன் கொசுதான்" என்று உள்ளேயிருந்து முனகினாள். "உன் துணில ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், என் கொசுக்களைச் சொன்னால் பொறுக்கமாட்டேன். "வாய்க்கு வந்ததப் பேசாதக்கா! கடிச்ச அன்னிக்கே காய்ச்சல் வராது. நாலு நாளாவது ஆகும். நீ வந்ததே நேத்துதான்!"

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அப்போது போன் அடித்தது. அவள் மகன். நான் சமையலறைக்குப் போய் எடுத்தேன்.

"சித்தி, அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சா?"

காய்ச்சல் என்று அவனிடம் நான் சொல்லவே இல்லை.

"வீட்ல கைக்குழந்தை இருக்கில்ல, அதான் அங்க போகச் சொன்னோம். கொசுவெல்லாம் உங்களுக்குப் பழக்கம்தானே?"

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வாய்வரை வந்தது, வெளியே வரவில்லை. அக்கா என்னைத் தேடி வரவில்லை, அவ்வளவுதான். அடுப்பைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் அழுதேன்.

பிறகு தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். அக்கா பயந்த கண்களோடு என்னைப் பார்த்தாள்.

"யாருடி போன்ல?"

"ராங் நம்பர்" என்றேன். "அக்கா, நீ சொன்னதுதான் சரி. என் கொசுதான் கடிச்சிருக்கும்."

அவள் முகம் தெளிந்தது. "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றாள். குரல் உடைந்திருந்தது.

வலையைத் தூக்கி டம்ளரை நீட்டினேன். எங்கிருந்தோ ஒரு கொசு வந்து என் முழங்கையில் உட்கார்ந்தது. பழக்கதோஷம், கையை அசைக்காமல் அப்படியே வைத்திருந்தேன்.

"ஏண்டி, லூசா நீ? பாத்துக்கிட்டே இருக்க!" என்று அக்கா எட்டிப் பளாரென்று அடித்தாள்.

அடித்த கையை அவள் எடுக்கவில்லை. அனலாகக் கொதித்தது. கொசுவுக்கு உட்காருவதுபோலவே நானும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.