புழு எறிந்த புழுக்கை

பதினொரு மணிக்கு வேலியோரப் புல்லை வெட்டியே தீரவேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். நீரேற்று நிலையத்தில் புல் வெட்டுவதுதான் புல்லக்காவின் வேலை. ஆனால் அந்த வேலியோரத்தை மட்டும் அவள் இரண்டு வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். பழுப்பும் மஞ்சளுமான துள்ளி என்ற குட்டி வண்ணத்துப்பூச்சி அங்கேதான் முட்டையிடும். அதன் புழு இலையைச் சுருட்டி உள்ளே குடியிருந்து, அந்தப் புல்லையே தின்னும். வெட்டினால் பூண்டோடு அழிந்துபோகும்.

அவளுடைய நச்சரிப்பு தாங்காமல்தான் மேலாளர் பூச்சி ஆய்வாளரை வரவழைத்திருந்தார். அந்த அம்மாள் வயல் பூச்சிகளில் பழம் தின்று கொட்டை போட்டவர். சுருளைப் பிரித்தால் புழு செத்துவிடும் என்பதால், உள்ளே புழு இருப்பதற்கு அடையாளமாக அடியில் புழுக்கை கிடக்கிறதா என்று தரையைத் துருவினார்.

"ஒரு புழுக்கைகூட இல்லம்மா. எல்லாம் காலிக் கூடு."

"கேட்டியா? ரெண்டு வருஷமா காலி வீட்டுக்குக் காவல் இருந்திருக்க!" என்று மேலாளர் சிரித்தார்.

புல்லக்காவுக்கு அழுகை முட்டியது. அதை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

"மேடம், அது வாசல்ல குப்பை போடாது. தூர வீசும்."

"பந்து வீசுதாக்கும்?" என்றார் மேலாளர்.

"ஆமா சார். நம்ம ஆபீஸவிட சுத்தம்."

மேலாளர் கையிலிருந்த வெள்ளைத் தாள்களை வாங்கி, புல்லைச் சுற்றி ஒரு முழம் தள்ளிப் பரப்பினாள். மூவரும் குந்தினார்கள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

'டக்.'

தாளில் கடுகளவு பச்சை உருண்டை. என்னவென்று மேலாளர் குனிந்தார். அடுத்தது அவருடைய மூக்குக் கண்ணாடியிலேயே வந்து விழுந்தது. ஆய்வாளர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"நான் தேடுன இடமே தப்பு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தினமும் இங்க உக்காந்துதான் சாப்பிடுவேன் மேடம். டப்பா மூடியில வந்து விழும்."

அதற்குள் தாள்களில் ஏழு விழுந்திருந்தன. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மேலாளர் முனகினார்: "சரி, இந்தப் பக்கம் வெட்ட வேணாம்."

"எழுதிக் குடுங்க சார்."

அவர் பேனாவைத் திறந்தார். "எத்தன நாளைக்குன்னு எழுத?"

"இங்க புல்லு முளைக்கிற காலம் வரைக்கும்."

அவர் ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் புல்லக்காவைப் பார்த்துத் தலையாட்டினார். மேலாளர் அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.