வீட்டு வைஃபை

பிரிண்டரை இடம் மாற்றியதிலிருந்து எதுவுமே அச்சாகவில்லை என்று கணக்குப் பிரிவிலிருந்து மறுபடியும் ஆள் வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனதும், அலுவலக நெட்வொர்க்கைக் கவனிக்கும் அவள், எல்லாக் கருவிகளையும் இணைக்கும் ஸ்விட்சுக்குள் தன் மடிக்கணினி வழியாக நுழைந்து ஏஆர்பி அட்டவணையைத் திறந்தாள். பெயர்தான் பெரிது. எந்த எண்ணில் எந்தக் கருவி இருக்கிறது என்று ஸ்விட்ச் தன் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்வது, அவ்வளவுதான். கருவி கிளம்பிப் போன பிறகும் அதன் வரி சில மணி நேரம் அழியாமல் கிடக்கும். நாமே அழித்துவிட்டால் ஸ்விட்ச் புதிதாக விசாரித்துத் தெரிந்துகொள்ளும். பிரிண்டரின் பழைய வரியை அழித்துவிட்டு அப்படியே கீழே வந்தவளுக்கு, குழந்தைகள் காப்பகத்தின் வரிகளில் ஒன்றைப் பார்த்ததும் கை ஓடவில்லை.

அந்தக் கருவியின் அடையாளம் எழுத்தும் எண்ணுமாக நீண்டிருந்தது. அதன் வால் அவளுக்கு மனப்பாடம். பழைய வீட்டில் அவன் போனுக்கு அடிக்கடி இணைப்பு அறுந்துபோகும், அதற்கும் அவள்தான் திட்டு வாங்குவாள் என்பதால், அதைத் தன் கையாலேயே ரௌட்டரில் பதித்து வைத்தவள் அவள்.

அவன் அவள் கணவன். அவள் மணிக்கட்டை முறித்தவன். மகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறியவள் வேலை, வீடு, போன் எண் எல்லாவற்றையும் மாற்றினாள். மாற்றாதது ஒன்றே ஒன்றுதான். இந்த அலுவலகத்தின் தரைத்தளத்தில் ஊழியர்களின் பிள்ளைகளுக்கென இருந்த காப்பகத்துக்கு வைஃபை போட்டபோது, மகளின் டேப்லெட் தானாகச் சேர்ந்துகொள்ளட்டும் என்று பழைய வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையுமே வைத்துவிட்டாள். ஊருக்கெல்லாம் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி மெயில் அனுப்புகிறவளின் லட்சணம் இது. இப்போது அவன் போனும் தானாகச் சேர்ந்திருக்கிறது. அந்த வைஃபை வாசல் கேட்டைத் தாண்டி எட்டாது.

காப்பகத்துக்குப் போன் போட்டாள். பாட்டு நேரம், ஆயா எடுக்கவில்லை. கேட்டுக்குப் போட்டாள். காவலாளியை எல்லோரும் மீசை என்றுதான் கூப்பிடுவார்கள். காவலுக்கு இருப்பது மீசை மட்டும்தான், ஆள் டீக்கடையில் என்பது அலுவலகத்துக் கேலி.

“ஒருத்தர் வந்து பாப்பாவப் பத்தி விசாரிச்சாரு மேடம். அப்பான்னு சொன்னாரு.”

“இப்ப எங்க அவரு?”

“போயிருப்பாரு மேடம். நான் டீ குடிச்சிட்டு இப்பதான் வந்தேன்.”

எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். போய்விட்டானா, இன்னும் இருக்கிறானா? அது தெரியாமல் எந்தப் பக்கம் ஓடுவது? அவன் வரியை அழித்துப் பார்த்தால் போதும், ஆள் இருந்தால் வரி திரும்பி வரும். அந்த ஒன்றை மட்டும் பார்த்து அழிக்கப் பொறுமையில்லாமல், காப்பகத்தின் வரிகள் மொத்தத்தையும் அழித்தாள்.

ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. முதலில் காப்பகத்து டிவி, பிறகு ஆயாவின் போன், அப்புறம் வருகை பதியும் கருவி. அவன் வரவில்லை. மறுபடி பார்த்தாள், வரவில்லை. போய்விட்டான். அடக்கி வைத்திருந்த அழுகை வந்தது. இன்றைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட வேண்டும் என்று மனம் அதற்குள் பெட்டி கட்டத் தொடங்கியிருந்தது.

பிறகுதான் கவனித்தாள். மகளின் டேப்லெட்டும் வரவில்லை. பாட்டுப்பெட்டி என்று மகள் அதற்குப் பேர் வைத்திருந்தாள், அது இல்லாமல் கழிவறைக்குக்கூடப் போகமாட்டாள். காப்பகத்தில் இருந்தால் பாடிக்கொண்டிருக்கும். பாடினால் வரி வந்திருக்கும்.

மடிக்கணினியைத் திறந்தபடியே அள்ளிக்கொண்டு படிகளில் இறங்கினாள். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்று விழுந்தது. எதிரே வந்தவர்கள் ஏதோ கேட்டார்கள், காதில் விழவில்லை. சாமியெல்லாம் மறந்துபோய், மகளின் பேரையே சொல்லிக்கொண்டு இறங்கினாள். கடைசித் திருப்பத்தில் கைப்பிடியில் கணினி இடித்தது. விழாமல் தாங்கிப் பிடித்தபோது திரையில் புதிதாக இரண்டு வரிகள் வந்திருந்தன. ஒன்று அவனுடையது. அதற்கு நேர் கீழே, ஒட்டிக்கொண்டு, பாட்டுப்பெட்டி.

காப்பகம் வலது பக்கம் இருந்தது. அவள் கேட் பக்கம் திரும்பி ஓடினாள். கேட்டை ஒட்டி ஒரு காரின் கதவு சாத்தப்பட்டது. அதற்குள்ளிருந்து மகளுக்குப் பிடித்த பாட்டு சன்னமாகக் கேட்டது.