சொல்லுக்கு ஒரு பல்

ணங் என்று தேநீர்க் கிண்ணத்துக்குள் ஒரு பல் விழுந்தது. வீட்டுப் பெரியவர் பால்டாபாயின் கடைவாய்ப் பல். சாப்பாட்டுத் துணியைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஒன்பது பேரும் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற புது மருமகள் புருலைத்தான் பார்த்தார்கள். கல்யாணமாகி நான்காம் நாள். விறகு பிளக்கக் கோடாரி எங்கே என்று அவள் வாய் தவறிக் கேட்டுவிட்டாள். அவர்கள் மொழியில் பால்டா என்றால் கோடாரி. நாரின் நகரத்தை அடுத்த மலைப்பக்கத்துச் சாரிதாலா கிராமத்தில், புகுந்த வீட்டு ஆணின் பெயரை மருமகள் சொன்னால் அந்த ஆணுக்கு ஒரு பல் போகும். பெயருக்குள் இருக்கும் சொல்லைச் சொன்னாலும் அதே கதிதான். செத்தவர்களுக்கும் தள்ளுபடி இல்லை. அவர்களுடைய பல் கல்லறை மண்ணை முட்டிக்கொண்டு காளான் மாதிரி மேலே வரும். உருளைக்கிழங்கு விலை ஏறுவதைப் போல இதுவும் ஊரில் ஒரு நடப்பு.

“பெரியவர் வாயில இனி பன்னெண்டுதான் பாக்கி. ஆட்டெலும்பை மென்னு குடுக்க உங்க அம்மாவா வருவா?” என்றாள் மாமியார் சூராக்கான்.

அந்த வீட்டில் ஆண்கள் அதிகம். எல்லோருக்கும் நல்ல நல்ல பெயர்கள். மாமனார் பெயர் தாஷ்தான், அதனால் கல் என்று சொல்லக்கூடாது. மூத்த கொழுந்தன் தெமிர், அதனால் இரும்பு போயிற்று. அடுத்தவன் ஜோல்துபாய், பாதை போயிற்று. சின்னவன் உமுத், நம்பிக்கை போயிற்று. புருஷன் பெயர் ஏர்கின், விடுதலையும் போயிற்று. புருல் கோடாரியை ‘வெட்டுறது’ என்றாள், பாதையைக் ‘கால் போறது’ என்றாள். நம்பிக்கைக்கும் விடுதலைக்கும் மாற்றுச் சொல் அகப்படவில்லை. அவற்றைச் சொல்லும் தேவையும் அவ்வளவாக வரவில்லை. ஆனால் மாமனாரின் அப்பா சகின்பாய்தான் பெரிய தொல்லை. அவர் நாற்பது வயதில் குதிரையிலிருந்து விழுந்து, முப்பத்திரண்டு பல்லும் முழுசாக இருக்க மண்ணுக்குள் போனவர். மாமனாருக்கு அதில் பெருமை. வெள்ளிக்கிழமை தவறாமல் கல்லறைக்குப் போய்ப் புல்லைத் தடவிப் பார்த்துவிட்டு வருவார். சகின் என்றால் ஒருவரை நினைத்து ஏங்குவது. ஆகவே அந்த வீட்டுப் பெண்கள் யாரும் யாரிடமும் ‘உன்னைத் தேடுது’ என்று சொல்ல முடியாது.

இரண்டாம் வருஷம் ஏர்கின் பனி அள்ளும் வேலைக்கு மாஸ்கோ போனான். வாரம் ஒரு தடவை போன் வரும். வீடே சுற்றி உட்கார்ந்து கேட்கும். “என்னைத் தேடலையா?” என்பான். “ஆடு ரெட்டைக்குட்டி போட்டிருக்கு” என்பாள் புருல். ஒருநாள் அவனுக்குப் பொறுமை போய்விட்டது. “தாத்தா செத்து எத்தனை வருஷமாச்சு! ஒரு பல்லுதானே போகும்? எனக்காக அதுகூட முடியாதா உன்னால?” புருல் மாமனாரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை மாவு பிசையும்போது அவள் மாமியாரிடம் மெதுவாகக் கேட்டாள்: “அத்தே, ஒரே ஒரு தடவ சொன்னா என்ன ஆகும்?” சூராக்கான் தலையை நிமிர்த்தவில்லை. “மாவு காயுது. கையை ஓட்டு” என்றாள்.

மூன்றாம் வருஷம் கம்பளி விற்க நாரின் சந்தைக்குப் போனபோது புருல் ஒரு சின்னப் புத்தகம் வாங்கினாள். தினசரி ஆங்கிலம், எண்ணூறு சொற்கள், இருநூறு வாக்கியங்கள், அட்டையில் ஒரு விமானப் பணிப்பெண் சிரித்தாள். மறுநாள் காலை எல்லோர் முன்னாலும் “ஆக்ஸ்” என்றாள். வீடே பால்டாபாயின் வாயைப் பார்த்தது. அவர் விரலை விட்டுத் தடவி எண்ணினார். பன்னிரண்டும் இருந்தன. அப்படியானால் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். பால் கறக்கும்போது பத்துச் சொல், சாணம் தட்டும்போது பத்துச் சொல் என்று அவள் படித்தாள். ஊர் மருமகள்கள் ஒவ்வொருத்தியாக வந்து ஒட்டிக்கொண்டார்கள். வருஷம் முடிவதற்குள் தண்ணீர்க் குழாயடியில் முப்பது பெண்கள் ஸ்டோன், ரோட், ஹோப் என்று வாய் நிறையப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ரொம்பப் பிடித்தது ‘நெவர் மைண்ட்’. கறி வேகவில்லை என்று புருஷன் கத்தினால், நெவர் மைண்ட் என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விடுவார்கள். அது மன்னிப்பா வசவா என்று ஆண்களுக்குப் புரியாது. “நம்மளத்தான் என்னமோ ஏசறாளுக” என்றார் பால்டாபாய்.

நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்த வாக்கியத்தை மட்டும் புருல் யாருக்கும் சொல்லித் தரவில்லை. அதைப் போனுக்கென்று வைத்திருந்தாள். “ஐ மிஸ் யூ” என்றாள். ஏர்கினுக்கு ரஷ்ய மொழி தெரியும், இது தெரியாது. “இது என்ன கூத்து? மனுசங்க பேசற மொழியில சொல்லு” என்றான். யாரிடமாவது அர்த்தம் கேட்டுக்கொள்ளச் சொன்னாள். “பனி அள்ளிட்டு வந்து பாடம் வேற படிக்கணுமா?” என்று வைத்துவிட்டான். வாரம் ஒன்றாக வந்த போன் மாதம் ஒன்றாக ஆயிற்று.

இதற்குள் ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பால்டாபாய் தானே சந்தைக்குப் போய் அதே புத்தகம் ஒன்று வாங்கி வந்தார். அந்த இலையுதிர் காலத்தில் வம்சத்தில் மூன்று ஆண்குழந்தைகள் பிறந்தன. ஆக்ஸ்பாய், ரோட்பெக், ஹோப்பெக் என்று காதில் மும்முறை பெயர் ஓதினார்கள். கிராம அலுவலகக் குமாஸ்தா எழுத்துக் கேட்டுப் பதிந்துகொண்டார், வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்த வேனிலில் குழாயடியில் பழக்க தோஷத்தில் புருல் “ரோட்” என்றாள். அவள் இடுப்பில் இருந்த ரோட்பெக்குக்கு அப்போதுதான் முளைத்திருந்த ஒற்றைப் பால்பல் உதிர்ந்து அவள் தோளில் விழுந்தது. குழந்தை வீறிட்டது. அவள் அந்தச் சொல்லை அதன்பிறகு எடுக்கவில்லை. மூணு வருஷத்தில் பத்தொன்பது பிள்ளைகள், பத்தொன்பது சொற்கள். வாக்கியத்தைப் பெயராக வைக்க முடியாது என்று பெண்கள் தைரியமாக இருந்தபோது நெவர்மைண்ட்பெக் பிறந்தான். கொழுகொழுவென்று அழகான குழந்தை. பெண்கள் அவனை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டார்கள்; வாயைத் திறக்கவில்லை.

ஏழாம் வருஷ வசந்தத்தில் தெமிருக்கு நாலாவது மகன் பிறந்தான். பால்டாபாய் நாற்பத்தோராம் பக்கத்துக்கு வந்துவிட்டிருந்தார். மிஸ்பாய் என்று பெயர் வைத்தார்கள். விருந்து நடந்துகொண்டிருந்தபோதே, ஐந்து மாதம் கழித்து ஏர்கினின் போன் வந்தது. இந்தக் கோடைக்கும் வரமுடியாது என்றான். தேடலையா என்று இந்தத் தடவை கேட்கவில்லை. புருல் எழுந்து நின்றாள். நூறு பேர் தின்றுகொண்டிருந்த முற்றத்தில், தன் சொந்த மொழியில், வாய் நிறைய அந்தச் சொல்லைச் சொன்னாள்.

போனின் அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண் எதற்கோ சிரித்தாள். “அஞ்சு வருஷம் கழிச்சு இப்பத்தான் வாய் வந்துச்சா?” என்று கேட்டான் ஏர்கின். லைன் அறுந்தது. அந்த எண்ணிலிருந்து பிறகு போனே வரவில்லை.

மாமனார் திட்டவில்லை. மடித்த வெள்ளைத் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு கல்லறைக்கு நடந்தார். நாய் கவ்வுவதற்குள் பல்லை எடுத்துக் கழுவித் திரும்பப் புதைக்க வேண்டும். பால்டாபாயும் மற்ற ஆண்களும் பின்னாலேயே போய், சகின்பாயின் கல்லறையைச் சுற்றி முழங்கால் போட்டுப் புல்லை விலக்கினார்கள். மதியத் தொழுகை நேரம் வந்தது. ஒன்றும் அகப்படவில்லை. பெண்கள் உள்ளே போகக்கூடாது என்பதால் புருல் மண்சுவருக்கு வெளியே நின்றாள். பக்கத்தில் சூராக்கான் வந்து நின்றாள். ஆண்கள் குனிந்திருப்பதை வெகுநேரம் பார்த்தாள். மருமகளின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பிறகு சுவருக்கு மேலே குரல் கொடுத்தாள்.

“எழுந்திருங்க, பிள்ளைங்களோட அப்பா. அங்க ஒரு பல்லும் இல்ல. நான் கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலத்துலயே, அந்தச் சொல்லச் சொல்லிச் சொல்லி முப்பத்திரண்டும் மேல வந்துடுச்சு. ராத்திரியோட ராத்திரியா நானே பொறுக்கிட்டேன்.”