பெயர் ஒட்டாத போத்தல்

பிரான்சிலிருந்து வந்திறங்கிய என் தம்பி மாக்கஸ் சூட்கேசைத் திறந்தான். உள்ளே மூன்று வைன் போத்தல்கள். சுற்றிவர அவனுடைய கசங்கிய சட்டைகள். இரண்டு போத்தல்களில் தங்க எழுத்து லேபல் மினுங்கியது. மூன்றாவதில் ஒன்றுமே ஒட்டியிருக்கவில்லை.

பத்து வருடத்துக்கு முன்பு அவனும் மனைவி ஜெனாட்டும் அங்கே பெல்றூவ் என்ற பாழடைந்த வைன் தோட்டத்தை வாங்கினார்கள். முந்நூறு வருடத்துத் தோட்டமாம். ஒரு காலத்தில் ஏதோ பூச்சி வந்து திராட்சைக் கொடிகளையெல்லாம் தின்றுவிட்டது. தோட்டத்துச் சிற்றாலயத்துக்குப் பின்னால் மதிலுக்குள் இருந்த ஒரு துண்டு மட்டும் தப்பியது. பிறகு போர் வந்தது, வாரிசுகள் திக்குத்திக்காகப் போனார்கள், தோட்டம் பற்றையாகிவிட்டது. அந்தப் பற்றையை வெட்டி, கிழட்டுக் கொடிகளை மறுபடி காய்க்க வைத்திருக்கிறான் என் தம்பி. யாழ்ப்பாணத்தில் ஒரு பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றாத பயல்!

"அக்கா, நிலம் எங்கட. பேர் இன்னும் எங்கட இல்லை," என்றான்.

பெல்றூவ் என்ற பெயரை லேபலில் போடும் உரிமை கடைசி வாரிசான சொலாஞ் பெல்றூவ் அம்மையாரிடம் இருந்தது. வயது தொண்ணூறு தாண்டிவிட்டது. இருப்பதோ இங்கே கனடாவில், எங்கள் ஸ்காபரோவில், ஒரு முதியோர் இல்லத்தில். அந்தப் பழைய வைனின் ருசி தெரிந்தவர்களில் அவர் மட்டும்தான் மிச்சம். குடித்துப் பார்த்து, தன் தகப்பனின் வைன்தான் என்று பட்டால் பெயரைத் தருவாராம். திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்.

ஞாயிறு அந்தோனியார் திருநாள். முதல் விளைச்சலைக் கோயிலுக்குக் கொடுத்து ஏலம் விடுவது எங்கள் வழக்கம். தம்பியின் தோட்டத்துக்கு மட்டும் விதிவிலக்கா? அவன் நித்திரையில் கிடந்தான். வடிவான போத்தல்கள் வீட்டில் இருக்கட்டும் என்று லேபல் இல்லாததைத் தூக்கிக்கொண்டு போனேன். மோர்னிங்சைட் தெருவில் இருக்கும் சூசைதாசன் அண்ணை விடாப்பிடியாகக் கேட்டு ஏலத்தில் எடுத்தார்.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். மாக்கஸ் ஓடிப்போய் சூட்கேசைப் பார்த்தான்.

"பேர் ஒட்டாததையோ குடுத்தனீங்கள்? ஐயோ அக்கா, உதுதான் மதிலுக்குள்ள நிண்ட பழைய கொடியின்ரை வைன்! பேர் கிடைக்காமல் என்னெண்டு லேபல் ஒட்டுறது? மற்ற ரெண்டும் கடையில வாங்கினது!"

"அதை வந்த உடனை சொல்லித் துலைச்சிருக்கலாமே!" என்று நானும் கத்தினேன். பிழை என்னுடையது என்பதால் கொஞ்சம் கூடவே கத்தினேன்.

காரில் பறந்தோம். சூசைதாசன் அண்ணை நண்டுக்கறியோடு அரைப் போத்தலை முடித்திருந்தார். மீதி மூடியில்லாமல் மேசையில் நின்றது.

"குறை நினையாதை தம்பி, நாக்கைப் பிடிச்சுக் கடிக்குது. அதுதான் பாதியில விட்டனான்," என்றார்.

அடுத்த நாள் அந்தப் பாதியோடு முதியோர் இல்லத்துக்குப் போனோம். அம்மையார் என்ன சொல்வாரோ என்ற துடிப்பில் நானும் தொற்றிக்கொண்டேன். அவர் உதட்டுச்சாயம் பூசி, சக்கர நாற்காலியில் தயாராக இருந்தார். மாக்கஸ் ஊற்றினான். முகர்ந்தார், ஒரு மிடறு குடித்தார், கண்ணை மூடினார். பிறகு பிரெஞ்சில் ஏதோ சொன்னார்.

"தங்கட வைன் இல்லையாம், அக்கா. தங்கட வைன் நாக்கைக் கடிக்குமாம். இது மெத்தெண்டு இருக்காம்," என்றான் மாக்கஸ்.

அவனுடைய பத்து வருடமும் போச்சே என்று நினைத்தேன். சட்டென்று மூளையில் பட்டது.

"எடேய், நேற்று மத்தியானமே திறந்ததெண்டு அவவுக்குச் சொல்லு! திறந்த உடனை சூசைதாசன் அண்ணையையும் கடிச்சதெண்டு சொல்லு! காத்துப் பட்டுத்தான் கடி போயிருக்கு!"

அவன் சொன்னான். அம்மையார் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்னொரு மிடறு குடித்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்து, மாக்கஸின் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாகப் பேசினார். இவன் மொழிபெயர்க்காமல் அழுதுகொண்டு நின்றான்.

"என்னவாமடா? சொல்லித் துலை!" என்று உலுக்கினேன்.

"தங்கட வைன்தானாம், அக்கா. திறந்துபோட்டு ஒரு நாள் பொறுக்கத் தங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் தெரியேல்லையாம். 'நீ பத்து வருசம் பொறுத்திருக்கிறாய், பேரைக் கொண்டு போ' எண்டுறா."