ஸ்டாஃபோர்ட் ஊரின் பெரிய மனுசர்

ஐயாவின் குரல் கசெட்டில் வந்ததும் அறைத்தோழன் பஞ்சலிங்கமும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"தம்பி நகுலேஸ்," என்று தொடங்கியிருந்தார். பின்னால் ஹெலிகொப்டர் சத்தம். "நீ இருக்கிற ஸ்டாஃபோர்ட்டைக் கலைக்களஞ்சியத்திலை பார்த்தனான். நல்ல ஊர். மீன் பிடிக்கிறதைப் பற்றிப் புத்தகம் எழுதினவர் அங்கைதான் பிறந்தவர். ஒரு நாடகக்காரர் எம்.பி.யாய் இருந்திருக்கிறார். நஞ்சு வைச்ச டொக்டர் ஒருத்தனை அங்கத்தைய ஜெயிலுக்கு முன்னாலை தூக்கிலை போட்டவை. நீ உந்தக் கடைசி ஆளைப் போலை வராதை."

"டேய், உன்ரை அப்பர் உன்னை இங்கிலாந்திலை குடியேத்திப் போட்டார்," என்றான் பஞ்சலிங்கம். "இந்த ஊரிலை நான் கண்ட பெரிய மனுசன் ஃப்ரீவே விளம்பரத்திலை பல்லைக் காட்டுற மெத்தைக் கடைக்காரன்தான்."

எங்கள் ஸ்டாஃபோர்ட் அமெரிக்காவின் டெக்சாஸில், சுகர் லேண்ட் ஊரை ஒட்டி இருந்தது. 1985ஆம் ஆண்டு. லண்டனுக்கென்று வீட்டில் சொல்லிப் புறப்பட்ட என்னை ஏஜென்ட் ஹூஸ்டனில் கொண்டுவந்து விட்டிருந்தான். விசா முடிந்துவிட்டது. "கசெட்டிலை அமெரிக்கா எண்டு வாய் திறக்காதை, வழியிலை ஆர் கேப்பாங்களோ தெரியாது," என்று பஞ்சலிங்கம் சொல்லியிருந்தான். அதனால் முதல் கசெட்டில் ஊர்ப் பெயரை மட்டும் சொன்னேன். இங்கே எங்களுக்குத் தெரிந்த பத்மராணி அன்ரி கொழும்புக்குப் போனபோது அதைக் கொண்டுபோனார். அங்கிருந்து கைமாறி யாழ்ப்பாணம் போனது; ஐயாவின் பதிலும் அப்படியே அன்ரியின் கையில் வந்தது.

"அன்ரி அடுத்த முறை போகேக்கை விளக்கமாச் சொல்லி அனுப்பு," என்றான். அன்ரிக்கு ஓகஸ்டில்தான் லீவு.

தம்பி சிறீஸ்கந்தராசாவுக்குப் பதினெட்டு வயது. அந்த வயதுப் பெடியன்களைத்தான் ராணுவம் அள்ளிக்கொண்டு போனது. எப்படியும் அவனை என்னிடம் எடுத்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

அன்ரியின் லீவு வருவதற்குள், கொழும்பிலிருந்து வந்த வேறொருவர் கையில் ஐயாவின் இரண்டாவது கசெட் வந்தது.

"சிறீயை உன்னட்டை அனுப்புறன். உன்னைக் கேக்க நேரமில்லை. பக்கத்து வளவுப் பெடியளைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். லண்டன் ஏர்போட்டிலை கேட்டால் அண்ணை ஸ்டாஃபோர்ட்டிலை எண்டு சொல்லுவான். ஊரைப் பற்றிக் கேட்டாலும் பிசகான், பாடமாக்கிப் போட்டான். டேய் சிறீ, அந்த நாடகக்காரர் ஆர்?"

"ஐயா, விடுங்கோ." சிறீயின் குரல். "அண்ணை, ஸ்டேஷனுக்கு வா. குளிருக்குப் போட ஒரு ஜம்பர் கொண்டு வா. நஞ்சு டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்திடாதை."

இந்த முறை பஞ்சலிங்கம் சிரிக்கவில்லை. லண்டனில் இருக்கும் தன் மச்சாள் தவமலருக்கு உடனே போன் எடுத்தான். அவர் தெரிந்த லோயரைப் பிடித்து விசாரித்துவிட்டுத் திருப்பிப் போன் எடுத்தார்.

"சிறீ கேட்டதுக்கெல்லாம் சரியாத்தான் சொல்லியிருக்கிறான், நகுலேஸ். அந்த ஊரிலை ஆர் பிறந்தது, ஆரைத் தூக்கிலை போட்டது, எல்லாம். ஒஃபிசரே சிரிச்சவராம். பிறகு உன்ரை பேரைக் கேட்டுத் தேடியிருக்கினம். அப்பிடி ஒருத்தரும் அங்கை இல்லையெண்டு கொழும்புக்குத் திருப்பி ஏத்திப் போட்டாங்கள்."

"எப்ப, அக்கா?"

"போன மாசம்."

"கொழும்பிலை இறங்கினவனே?"

"பிளேனாலை இறங்கினவனாம். ஏர்போட்டுக்கு வெளியிலை வந்ததை ஒருத்தரும் காணேல்லை."

போனை வைத்தேன். ஐயா இப்போது யாரிடமாவது, என்ரை ரெண்டு பெடியளும் ஸ்டாஃபோர்ட்டிலை என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

புதிய கசெட் ஒன்றைப் போட்டேன். பஞ்சலிங்கம் எழுந்து போய், ஃப்ரீவேயின் இரைச்சல் விழாமல் யன்னலைச் சாத்தினான். சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

"ஐயா, நகுலேஸ் கதைக்கிறன். நான் இருக்கிறது அமெரிக்காவிலை."

பஞ்சலிங்கம் தடுக்கவில்லை. அடுத்துச் சொல்ல வேண்டியது சிறீயைப் பற்றி. நாடா சுற்றிக்கொண்டே இருந்தது.