வியாழக்கிழமை வரவேண்டிய கடிதம்

வங்கி அதிகாரி கடன் வரலாற்று அறிக்கையின் மூன்றாம் பக்கத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். ஒரு வரியின் கீழ் பேனாவை நிறுத்தினார்.

மருத்துவமனைக் கட்டணம். வசூல் நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது. நிலுவை உள்ளது.

"மத்ததெல்லாம் சுத்தம். வாடகை, கரண்ட் பில், வண்டிக் கடன், ஒரு நாள்கூடத் தப்பல. இது ஒண்ணுதான், பல்லுல சிக்கின மாதிரி."

அவள் பல் செட் செய்பவள் என்று அவருக்குத் தெரியும். சிரிப்பாள் என்று காத்திருந்தார்.

"கட்டிட்டா?" என்றாள்.

"கட்டினாலும் அறிக்கையில இந்த வரி போகாதும்மா. 'நிலுவை'ங்கற இடத்துல 'செலுத்தப்பட்டது'ன்னு வரும், அவ்வளவுதான். தொழில் கடனுக்கு இங்க ஒரு விதி. அஞ்சு வருஷத்துக்குள்ள வசூலுக்குப் போன கணக்கு இருக்கக் கூடாது. கட்டினீங்களா கட்டலையான்னு யாரும் கேக்க மாட்டாங்க."

"அப்போ முடியாதா?"

அவர் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"கட்டறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட பேசுங்க. பணம் உங்க கையில இருக்கற வரைக்கும்தான் உங்க பேச்சு எடுபடும். முழுசா தர்றேன், வரியை எடுத்துடுங்கன்னு கேளுங்க. சில பேர் ஒத்துப்பாங்க. எழுத்துல வாங்கிட்டு அப்புறம் கட்டுங்க."

மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்கு நான்கு வாரம் இருந்தது.

பல் லேபில் அவள் பதினோரு வருடமாக வேலை செய்கிறாள். முதலாளிக்குக் கண் மங்கிவிட்டது. மெழுகில் பல் வரிசை கோணுவது அவருக்குத் தெரிவதில்லை. நகரமெங்கும் கிளை வைத்திருக்கும் ஒரு கம்பெனி லேபை விலைக்குக் கேட்டது. அவர் அவளிடம் முதலில் சொன்னார்.

"உன் கையில கொடுத்துட்டுப் போனா எனக்கு நிம்மதிம்மா. மாசக் கடைசி வெள்ளிக்கிழமை வரைக்கும் நிறுத்தி வைக்கறேன். அதுக்கு மேல அந்தக் கம்பெனிக்காரன் என்னைத் தூங்க விடமாட்டான்."

மெருகு போடுகிறவனை எல்லோரும் பாலிஷ் என்று கூப்பிட்டார்கள். அவன் மெஷினை நிறுத்திவிட்டு மேலே பார்த்தான்.

"முதலாளியம்மா ஆனதும் முதல் வேலையா இந்த ஃபேனை மாத்துங்கக்கா. சுத்துதா, யோசிக்குதான்னே தெரியல."

அந்தக் கட்டணம் இரண்டு நாளுக்கானது. ஒன்றரை வருடத்துக்கு முன் அவளுக்குப் பிறந்த குழந்தை, கண்ணாடிப் பெட்டியில் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் இல்லை. காப்பீடு கொடுத்திருக்கும். முப்பது நாளுக்குள் ஒரு படிவம் அனுப்ப வேண்டும். படிவத்தின் முதல் கட்டத்தில் குழந்தையின் பெயர் எழுத வேண்டும். கணவன் எழுதுவான் என்று அவள் விட்டாள். அவள் எழுதுவாள் என்று அவன் விட்டான். படிவம் சமையலறை இழுப்பறையில், கத்தரிக்கோலுக்கு அடியில் கிடந்தது. முப்பது நாள் போனது. பிறகு வந்த உறைகளும் பிரிக்கப்படாமல் அதே இழுப்பறைக்குப் போயின.

வசூல் நிறுவனத்துக்காரர்கள் கணவனின் எண்ணுக்குத்தான் கூப்பிட்டார்கள். மருத்துவமனையில் அவன் எண்ணைக் கொடுத்திருந்தான். நோயாளி பெயர் என்ற இடத்தில் மருத்துவமனை 'பெண் குழந்தை' என்று பதிந்திருந்தது. கூப்பிடுகிறவர்கள் திரையில் இருப்பதை வாசித்தார்கள்.

"பெண் குழந்தை இருக்காங்களா சார்?"

முதல் முறை அவன், "இல்ல," என்றான்.

"எப்போ வருவாங்க?"

அவன் போனை வைத்துவிட்டான். அதை அவளிடம் சொல்லும்போது டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவள், "எடுக்காதீங்க. நான் பேசிக்கறேன்," என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி அவர்கள் பேசவில்லை. அன்றிலிருந்து வீட்டில் அவன் போனைக் குப்புறவே வைத்தான்.

அவள் பேசினாள். மூன்று வாரம், மதிய இடைவேளையில், பிளாஸ்டர் மூட்டைகள் இருக்கும் அறையில் நின்றுகொண்டு. அந்தப் பக்கம் எப்போதும் மூக்கடைத்த குரலுள்ள ஒரு பெண்.

கடைசி வாரம், திங்கட்கிழமை, "மேலாளர் ஒத்துக்கிட்டார் மேடம்," என்றாள் அந்தப் பெண். "கடிதம் இன்னைக்குத் தபால்ல போகுது. வியாழக்கிழமை வந்துடும். கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டு அன்னைக்கே கட்டிடுங்க. வரியை எடுத்துடறதா நாங்க உங்க வங்கிக்கு எழுதிடறோம். ஆனா கையெழுத்துக்கு முன்னாடி கட்டிடாதீங்க. கட்டினா சிஸ்டம் தானா கணக்கை மூடிடும்."

"சரி."

"மூடின கணக்கை இங்க யாரும் தொட மாட்டாங்க மேடம். அதான் சொல்றேன்."

"சரிங்க."

அன்று இரவு கணவனிடம் சொல்லலாம் என்று நினைத்தாள். அந்தக் கட்டணத்தின் பேரைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். தொடங்கவில்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். செவ்வாய்க்கிழமை மாலை வந்ததும், கையைக்கூடக் கழுவாமல், போனை மேஜைமேல் அவள் பக்கமாக வைத்தான்.

"முடிச்சுட்டேன்."

திரையில் ஒரு ரசீது. அவள் அதைப் படித்தாள். தொகை. தேதி. நன்றி.

"எப்போ?"

"மத்தியானம். ஒன்பதாவது மாடியில லிஃப்ட் மேல உக்காந்திருந்தேன். கூப்பிட்டாங்க. பழைய மாதிரியே கேட்டாங்க. லிங்க் அனுப்புங்க, இப்பவே கட்டறேன்னு சொன்னேன்."

"முழுசாவா?"

"முழுசா. ஓவர்டைம் காசு இருந்துச்சு. மீதி சித்தப்பாகிட்ட வாங்கினேன். உன் லோனுக்கும் இடைஞ்சலா இருக்கக் கூடாதுன்னுதான்."

"சரி."

"இனிமே போன் வராது."

"ம். கை கழுவிட்டு வாங்க. ஆறிடும்."

அவன் சாப்பிட்டான். பல நாளுக்குப் பிறகு இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவள் கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

புதன்கிழமை மதியம் பிளாஸ்டர் அறையிலிருந்து கூப்பிட்டாள்.

"கட்டியாச்சுன்னு காட்டுது மேடம்," என்றாள் அந்தப் பெண். மூக்கை உறிஞ்சினாள். "நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"சொன்னீங்க. அந்தக் கடிதம்?"

"வரும். ஆனா செல்லாது. உங்க ஸ்கோர் கொஞ்சம் ஏறும் மேடம்."

"எவ்வளவு நாளைக்கு அந்த வரி இருக்கும்?"

"வசூலுக்கு வந்த தேதியிலேருந்து அஞ்சு வருஷம். இன்னும் நாலு வருஷத்துக்குக் கொஞ்சம் கம்மி."

அவள் நன்றி சொல்லி வைத்தாள். பிற்பகலில், இரண்டாக உடைந்து வந்த ஒரு மேல்வரிசைப் பல் செட்டை ஒட்டினாள். முதலாளி ஒட்டிய இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தார்.

"எங்க உடைஞ்சதுன்னே தெரியலம்மா."

வியாழக்கிழமை கடிதம் வந்தது. கணவன்தான் தபால் பெட்டியிலிருந்து எடுத்தான். இந்த முறை உறையைப் பிரித்துவிட்டான். அவள் வீட்டுக்குள் வந்தபோது செருப்போடு நின்று படித்துக்கொண்டிருந்தான். இரண்டு பத்திதான். முழுத் தொகையும் பெற்றபின் பதிவு நீக்கப்படும். முன்பே செலுத்தப்பட்ட கணக்குகளுக்குப் பொருந்தாது.

"இது உனக்குத் தெரியுமா?"

"நான்தான் கேட்டேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீங்களும் கட்டறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. அவன் கடிதத்தை வந்த மடிப்பிலேயே மடித்தான்.

"அப்போ லேப்?"

"நாளைக்குத்தானே வெள்ளி."

"நான் பேங்க்ல வந்து சொல்லட்டா? நான் செஞ்ச தப்புன்னு."

"கடனைக் கட்டினது தப்புன்னா? சிரிப்பாங்க."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்துச் செருப்பைக் கழற்றினான்.

வெள்ளிக்கிழமை காலை வங்கி அதிகாரி புதிய அறிக்கையை எடுத்துப் பார்த்தார். "கட்டிட்டீங்களேம்மா," என்றார். நகல் வேண்டுமா என்று கேட்டார். வாங்கிக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு முதலாளியிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மதியம் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். அடுப்பு, மெஷின், நாற்காலி ஒவ்வொன்றிலும் எண் ஒட்டினார்கள். அவள் மேஜையில் பதினேழு. அவளுக்கு வேலை உண்டு, காலை ஏழரைக்கு வருகைப் பதிவுக்குக் கைரேகை வைக்க வேண்டும் என்றார்கள்.

"அப்போ ஃபேன்?" என்று மெதுவாகக் கேட்டான் பாலிஷ்.

"அவங்க மாத்துவாங்க."

"மாத்துவானுங்க. சம்பளத்துல பிடிச்சுக்குவானுங்க."

மாலையில் அறிக்கையின் நகலைச் சமையலறை இழுப்பறையில் வைக்கப் போனாள். கத்தரிக்கோலை எடுத்தாள். அடியில் அந்தப் படிவம் இருந்தது. முதல் கட்டம் காலி. நகலை அதன்மேல் வைத்தாள். மருத்துவமனைக் கட்டணம். செலுத்தப்பட்டது. நிலுவை பூஜ்யம். பதிவு நீங்கும் நாள் ஓரத்தில் அச்சாகியிருந்தது.

கணவன் பின்னால் வந்து நின்றான்.

"அந்தப் பழைய ஃபாரத்தை இன்னும் எதுக்கு வச்சிருக்கே? போட்டுடவா?"

அவள் கத்தரிக்கோலைத் திரும்ப வைத்தாள்.

"இருக்கட்டும்," என்றாள். "அலாரத்தை ஆறுக்கு வைங்க. நாளைக்கு ஏழரைக்குள்ள போகணும்."

அவன் போனை எடுத்து ஆறுக்கு வைத்தான். பிறகு, வழக்கம்போல், அதை மேஜைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்தான்.